கேள்வி நேரமும் ஷிஃப்ட் நேரமும்

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் அருகே உள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அக்டோபர் 15 அன்று முடித்துக்கொண்டார்கள். இடையில் 37 நாட்கள். மூன்று அமைச்சர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், கைதுகள் நடந்தன, பந்தல் பிரிக்கப்பட்டது, கொரியாவிலும் அமெரிக்காவிலும் செய்தி வந்தது. அந்த 37 நாட்களில் கோட்டையில் சட்டப்பேரவை ஒரு நாள்கூடக் கூடவில்லை. ஜூன் 29-இல் கலைந்த பேரவை மறுபடி கூடியது டிசம்பர் 9-ஆம் தேதி. டில்லியும் அப்படித்தான். ஆகஸ்ட் 9-இல் முடிந்த நாடாளுமன்றத் தொடருக்குப் பிறகு அடுத்தது நவம்பர் 25-இல். அந்த ஆலை இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் மக்கள் பேரவைக்கும் மக்களவைக்கும் தேர்ந்தெடுத்து அனுப்பிய இருவரில் ஒருவரால்கூட, மனம் இருந்தாலும், ஒரு கேள்வியை எழுந்து நின்று கேட்டிருக்க முடியாது.

ஒருமுறை என்றால் தற்செயல் எனலாம். 2018 செப்டம்பர் கடைசியில் வல்லம் வடகாலில் யமஹா தொழிலாளர்களும், ஒரகடம் வட்டாரத்தில் ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்களும் சில நாள் இடைவெளியில் வேலையை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு நாடாளுமன்ற மழைக்காலத் தொடர் ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது. பேரவையோ ஜூலையில் கலைந்து அடுத்த ஜனவரியில்தான் கூடியது. 2014 நவம்பர் 1-இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. நாடாளுமன்றம் அந்த மாதக் கடைசி வாரத்திலும், பேரவை டிசம்பர் தொடக்கத்திலும் கூடின. அதற்குள் பெரும்பாலான தொழிலாளர்கள் கணக்கு முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

2021 டிசம்பர் மட்டும் சற்று வேறு. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்ட பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 17-ஆம் தேதி இரவு அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது மக்களவை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வழக்கமான கேள்விக்கு முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அவையோ 22-ஆம் தேதியுடன் முடிந்துபோனது. பேரவை ஜனவரி 5-இல் ஆளுநர் உரையுடன் கூடியது. 12-ஆம் தேதி ஆலை மறுபடி இயங்கத் தொடங்கியது.

யாரும் திட்டமிட்டு இப்படி வைப்பதாக நான் நினைக்கவில்லை. நம் பேரவையின் ஆண்டு, ஆளுநர் உரை, வரவுசெலவுத் திட்டம், மானியக் கோரிக்கைகள் என ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். கம்பெனிகளின் ஆண்டு வேறு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பைக்கும் செல்பேசியும் அதிகம் விற்கும். அப்போது லைன் நின்றால்தான் நிர்வாகத்துக்கு வலிக்கும். அந்தக் கணக்கு தெரிந்த தொழிற்சங்கம் செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கிறது என்பது என் ஊகம். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையில் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதற்கு மேல் அரசியலமைப்பின் 174-ஆம் பிரிவு எதையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆண்டுக்கு 100 நாள் பேரவை நடக்கும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. எந்த ஆண்டும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. இதைக் குத்திக்காட்டும் அ.தி.மு.க.வின் பத்தாண்டிலும் கதை வேறாக இருக்கவில்லை. அந்தப் பத்தாண்டுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: 110-ஆம் விதி. அதன்கீழ் முதலமைச்சர் எழுந்து அறிவிப்பைப் படிப்பார். அதன்மேல் விவாதம் கிடையாது. பேரவை விதிகளில் ஒரு எண் டீக்கடைவரை தெரிந்துபோனதென்றால் அது இதுதான். கேள்வியைத் தவிர்க்க வழிசெய்யும் எண்தான் அப்படிப் புகழ்பெற்றது என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்கிறேன்.

சரி, அவை கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே கேள்வி எந்த உருவத்தில் வருகிறது? மக்களவையில் நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள், 230 குறியிடாத வினாக்கள். முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். இரண்டாவதற்கு அச்சிட்ட பதிலோடு சரி. யாருடைய கேள்வி முன்னால் வரும் என்பது குலுக்கலில். 20 வினாவில் நாலைந்துக்குத்தான் ஒரு மணி நேரத்தில் வாய்மொழிப் பதில் கிடைக்கும். துணைக் கேள்வியில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. முதல் கேள்விக்கு அதிகாரிகள் எழுதிக்கொடுத்த பதிலை எந்த அமைச்சரும் படித்துவிடலாம். துணைக் கேள்விக்குக் கோப்பைப் படித்திருக்க வேண்டும். அதைக் கேட்பவரும் படித்திருக்க வேண்டும்.

1957 செப்டம்பரில் மக்களவையில் ஆளுங்கட்சி உறுப்பினர் ராம் சுபக் சிங் கேட்ட கேள்வி பார்வைக்குச் சாதாரணமானது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்பவரின் நிறுவனங்களில் பங்கு வாங்கியதா? பதில் வழுக்கியது. ஃபெரோஸ் காந்தி அந்த வழுக்கலைப் பிடித்துக்கொண்டு டிசம்பரில் தேதி, விலை, சந்தை நிலவரம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒன்றேகால் கோடி ரூபாய் அளவிலான அந்த விவகாரம் நீதிபதி சாக்லாவின் விசாரணைக்குப் போய், 1958 பிப்ரவரியில் நம் ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் நிதியமைச்சர் பதவியோடு முடிந்தது. கேட்ட இருவரும் காங்கிரஸ்காரர்கள். பதவி விலகியவரும் காங்கிரஸ்காரர். எதிர்க்கட்சி பலமாக இருந்தால்தான் கேள்வி பலமாக இருக்கும் என்ற நம்பிக்கையை நான் அன்றிலிருந்து, அதாவது அதைப் படித்த நாளிலிருந்து, பாதிதான் ஏற்கிறேன்.

தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையின் வினாப் பட்டியலை ஒரு வாரம் தொடர்ந்து படித்தால் ஒரு வாய்பாடு மனப்பாடமாகிவிடும். இன்ன தொகுதி, இன்ன ஊராட்சியில், இன்னது அமைக்க அரசு ஆவன செய்யுமா? பதிலுக்கும் வாய்பாடு உண்டு: நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும், அல்லது அதற்கான தேவை எழவில்லை. வினா என்ற பெயரில் அங்கே வருவதில் பெரும்பகுதி மனு. தொகுதிக்காரர் பேருந்து நிலையம் கேட்டார், உறுப்பினர் பேரவையில் கேட்டார், நாளிதழில் ஒரு பத்தி வந்தது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. சாலையும் பள்ளிக்கூடமும் இப்படித்தான் வந்திருக்கின்றன. ஆனால் மனு கேட்பவர் கொடுப்பவரின் தயவில் நிற்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள், எவ்வளவுக்குச் செய்தீர்கள், யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று அவர் கேட்க மாட்டார். 2022 ஜனவரியில் கேள்வி நேரம் முதன்முறையாக நேரலையில் வந்தபோது, தலைவரை வாழ்த்துவதற்கே எத்தனை நிமிடம் போகிறது என்பதும் கூடவே ஒளிபரப்பாகியது.

ஒரகடம் போன்ற இடத்துக்கு மனு போதாது. இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹூண்டாய் வந்ததிலிருந்து இந்த வட்டாரம் வளர்ந்ததெல்லாம் ஒப்பந்தங்களால். அரசும் கம்பெனியும் கையெழுத்திடும் புரிந்துணர்வு ஒப்பந்தம், அதன் பின்னால் ஊக்கத்தொகை, முத்திரைத்தாள் கட்டண விலக்கு, வரித் திரும்பளிப்பு, மின்கட்டணச் சலுகை, சிப்காட் நிலத்துக்கு ஒரு விலை. இவை ஒவ்வொன்றும் பொதுப்பணம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் முதலீடு எத்தனை கோடி, வேலை எத்தனை ஆயிரம் என்ற இரண்டு எண்கள் வெளியே வரும். மூன்றாவது எண், அதாவது அரசு தரப்போவது எவ்வளவு என்பது, வணிக ரகசியம் என்ற உறைக்குள் போய்விடும்.

நோக்கியாவின் கதை இதற்குப் பாடப்புத்தகம். 2005 ஏப்ரலில் ஜெயலலிதா ஆட்சியில் ஒப்பந்தம், 2006 தொடக்கத்தில் உற்பத்தி. சலுகைகளின் உள்விவரம் பொதுவெளிக்கு வந்தது பேரவைக் கேள்வியால் அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆவணங்களைப் பெற்று ஆய்வாளர் மதுமிதா தத்தா 2009-இல் எழுதிய கட்டுரைதான் அதைப் பலருக்கும் காட்டியது. தகவல் உரிமைக்கு நாட்டிலேயே முதலில், 1997-இல், சட்டம் இயற்றிய மாநிலம் இது. மத்தியச் சட்டத்தின் தனிநபர் தகவல் பற்றிய பிரிவில் ஒரு காப்பு வாசகமும் இருந்தது: சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற பொருளில். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது. சட்டம் எழுதியவர்கள் சட்டமன்ற உறுப்பினரை அளவுகோலாக வைத்தார்கள். அவருக்குத் தெரிவதெல்லாம் உனக்கும் தெரியலாம் என்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் குடிமகனுக்குத் தெரிந்தது பிறகுதான் உறுப்பினருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆலை மூடும் நேரம் வந்தபோது இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குச் செலுத்திய மென்பொருள் உரிமைத் தொகையில் வரி பிடிக்கவில்லை என்று 2,080 கோடி ரூபாய் கேட்டது மத்திய வருமான வரித்துறை. இங்கே செய்த கைபேசிகள் உண்மையில் ஏற்றுமதியாகவில்லை என்று 2,400 கோடி கேட்டது மாநில வணிகவரித்துறை. ஆலை இருந்தது சிறப்புப் பொருளாதார மண்டலத்தில். அதன் மேற்பார்வை மத்திய வணிக அமைச்சகத்திடம். தொழிலாளர் தகராறில் உரிய அரசு, மாநிலம். வருமான வரி வழக்கு டில்லி நீதிமன்றங்களில். 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டுப் போனது. இப்போது ஒரு உறுப்பினர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். யாரிடம் கேட்பார்? டில்லியில் கேட்டால் தொழிலாளர் பிரச்சினை மாநிலத்துடையது. கோட்டையில் கேட்டால் வருமான வரியும் மண்டலமும் மத்திய அரசுடையவை. இரண்டு இடத்திலும், வழக்கு நிலுவையில் உள்ளது. மூன்று பதிலும் விதிப்படி சரி. அதுதான் தொல்லையே.

பத்து ஆண்டு கழித்து இதே ஓட்டம் மறுபடி நடந்தது. பாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் உடனே 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது என்று சொல்லி, மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. கேள்வி கேட்கப்பட வேண்டிய அரசே இன்னொரு அரசிடம் கேள்வி கேட்பதாகக் காட்சி மாறிவிட்டது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் இந்த வட்டாரத்திலேயே நடந்தது. 2022 ஆகஸ்ட் 1 அன்று மாநிலங்களவையில் கனிமொழி என்.வி.என். சோமு கேட்ட கேள்விக்கு விமானப் போக்குவரத்துத் துறை இணையமைச்சர் வி.கே. சிங் அளித்த பதிலில்தான் சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வாகியிருக்கிறது என்ற செய்தி நாட்டுக்குத் தெரிந்தது. பண்ணூர், படாளம், திருப்போரூர் என்று பேசப்பட்ட பெயர்கள் கழிந்தன. பதிமூன்று கிராமத்துக்காரர்கள் தங்கள் வயலும் ஏரியும் ஓடுபாதைக்குள் வருவதை ஒரு நாடாளுமன்றப் பதில் வழியாகத் தெரிந்துகொண்டார்கள். கேள்வி நேரம் வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும், தகவல் வந்தது. அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்துக்காரர்களை யாரும் முன்னால் கேட்கவில்லை என்பதையும் அந்தத் தகவலே காட்டிக்கொடுத்தது. பதினைந்து நாளில் வந்த சுதந்திர தினக் கிராம சபையில் அவர்கள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். பிறகு வந்த கிராம சபைகளிலும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலை ஊரே புறக்கணித்தது. நிலம் எடுப்பது மாநிலத்தின் பொறுப்பு என்றது டில்லி. இடத்தை இறுதி செய்தது டில்லி என்றார்கள் இங்கே. 2025 ஏப்ரலில் கொள்கை அளவிலான ஒப்புதலும் வந்துவிட்டது. ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள்தான். அவர்களுடைய தீர்மானத்துக்கு 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அப்படியானால் இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை அவைக்குள் எழுந்த கேள்வி எதுவும் ஒரு அரசைத் திரும்பிப்போக வைத்ததே இல்லையா? ஒன்று இருக்கிறது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

2023 ஏப்ரல் 12-இல் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவை அறிமுகப்படுத்தினார். 65ஏ என்று ஒரு புதிய பிரிவு. குறிப்பிட்ட ஆலைகளுக்கு வேலை நேர விதிகளிலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம். நடைமுறையில் நாளுக்கு 12 மணி நேர ஷிஃப்ட். கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் இதே வழியில் போயிருந்தது. மசோதா எந்த வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதில் ரகசியம் இல்லை. மின்னணுத் தொழில்தான் முதலில் பேசப்பட்டது. தொழில்துறை அமைச்சர் தங்கம் தென்னரசு, முதலீட்டாளர்கள் நெகிழ்வான வேலை நேரத்தை எதிர்பார்க்கிறார்கள், விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டுமே இது என்று விளக்கினார்.

ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். காங்கிரஸ், இரு கம்யூனிஸ்டுக் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகள் எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தன. குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. அவைக்குள் நடந்ததை மட்டும் பார்த்தால் அது தோல்வி. ஆனால் அந்த வெளிநடப்பு ஒரு காரியம் செய்தது: அரசின் சொந்தப் பக்கத்திலேயே இதற்குச் சம்மதமில்லை என்பதைப் பேரவைக் குறிப்பில் ஏற்றிவிட்டது. அடுத்த மூன்று நாட்களில் தி.மு.க.வின் தொமுச உள்பட எல்லாச் சங்கங்களும் ஒரே குரலில் பேசின. 24-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் மசோதாவை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பத்தே நாள்.

ஏன் இது மட்டும் பலித்தது? கேள்வி கூர்மையாக இருந்ததால் அல்ல. அதைவிடக் கூர்மையான கேள்விகள் அவைக்குறிப்புகளில் தூங்குகின்றன. மசோதா என்பது அச்சிட்ட காகிதம், எல்லோர் கையிலும் இருந்தது. டில்லிமேல் பழிபோட வழியில்லை. மாநிலமே கொண்டுவந்த திருத்தம். அவை நடந்துகொண்டிருந்த நேரம். கேட்டவர்களின் ஆதரவு அரசுக்கு அடுத்த ஆண்டுத் தேர்தலில் வேண்டியிருந்தது. நோக்கியாவிலும் சாம்சங்கிலும் பரந்தூரிலும் இந்த நான்கில் ஒன்றிரண்டாவது குறைந்தது.

அதே கடைசி நாளில் இன்னொரு மசோதாவும் நிறைவேறியது: சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதா. ஏரி, கால்வாய், ஓடை குறுக்கிடும் நிலத்தைப் பெரிய திட்டங்களுக்கு மொத்தமாக மாற்றிக் கொடுக்க வழிசெய்வது. பரந்தூரை அறிந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். 12 மணி நேர வேலையின் சத்தத்தில் அதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. அது திரும்பப் பெறப்படவும் இல்லை. அவை இரண்டு கேள்விகளை ஒரே நாளில் தாங்குவதில்லை போலும்.

முதலீட்டு எண்கள் பற்றிய கேள்விக்கோ தனி வேடிக்கை உண்டு. 2015, 2019 முதலீட்டாளர் மாநாடுகளுக்குப் பிறகு, வந்தது எவ்வளவு என்று வெள்ளை அறிக்கை வைக்கச் சொன்னது தி.மு.க. 2024 ஜனவரி மாநாட்டில் 6,64,180 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் என்று தி.மு.க. அரசு அறிவித்த பிறகு, அதே வெள்ளை அறிக்கையைக் கேட்டன அ.தி.மு.க.வும் பா.ம.க.வும். 2025 அக்டோபர் 13-இல் பாக்ஸ்கான் 15,000 கோடி ரூபாய் முதலீடு செய்யும் என்ற அறிவிப்பு வந்தது. முதலமைச்சருடன் நடந்த சந்திப்பில் புதிய முதலீடு பற்றிப் பேசவில்லை என்று கம்பெனித் தரப்பு சொன்னது. ஏற்கெனவே பேசி முடிவானதுதான் என்று அமைச்சர் டி.ஆர்.பி. ராஜா விளக்கினார். இந்த முறை நாட்காட்டி ஒத்துழைத்தது, மறுநாளே பேரவை கூடியது. ஆனால் அந்தத் தொடரின் சூடெல்லாம் கரூர் நெரிசல் மரணங்களைச் சுற்றியே இருந்தது. வெள்ளை அறிக்கை என்பது ஆட்சிக்கு வெளியே இருக்கும்போது கேட்பது, உள்ளே வந்ததும் மறப்பது.

இதையெல்லாம் தாண்டிய நிதானமான வழி குழுக்கள். கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராயும். சிப்காட், டிட்கோ போன்றவற்றைப் பொது நிறுவனங்கள் குழு ஆராயும். அமைச்சர் அவையில் சொன்ன வாக்கை உறுதிமொழிக் குழு துரத்தும். குழு அறையில் கேமரா இல்லை, வாழ்த்துரை இல்லை, துறைச் செயலாளர் நேரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். 2021-க்குப் பிந்தைய பேரவையில் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தவர் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியின் உறுப்பினர் கு. செல்வப்பெருந்தகை. இந்த வட்டாரத்தின் ஒப்பந்தங்களைக் கணக்குப் புத்தகத்தோடு வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நாற்காலி அமையாது. ஆனால் அந்த நாற்காலி எதிர்க்கட்சிக்கு என்பது நாடாளுமன்ற மரபு. இங்கே அது ஆளுங்கூட்டணிக் கட்சிக்குப் போனது. 1957-இன் உதாரணத்தைச் சொன்ன நானே இதைக் குறை சொல்வது முரணாகத் தெரியலாம். ராம் சுபக் சிங்குக்கு அடுத்த தேர்தலில் தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தை இருக்கவில்லை.

சாம்சங் தொழிலாளர்கள் கேட்டதில் முதலாவது, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27-இல் அது பதிவானது. பதிவு செய்த சட்டம் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். அதற்குப் பின்னால் பெரம்பூர் பின்னி ஆலை இருக்கிறது: 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின்மேலும் அதன் தலைவர் பி.பி. வாடியாவின்மேலும் நிர்வாகம் நட்டஈட்டு வழக்குப் போட்டது. அதையடுத்து 1921-இல் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில், தொழிற்சங்கங்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். ஐந்து ஆண்டில் சட்டம் வந்தது. ஜோஷியை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. தொழிலாளர் தரப்புக்காக அரசு நியமித்த உறுப்பினர் அவர். அன்றைக்கு ஆலைத் தொழிலாளிக்கு வாக்கு இல்லை.

இன்றைக்கு வாக்கு இருக்கிறது. 2021 டிசம்பர் இரவுக்குப் பின் அரசு கட்டிய பெரிய விடுதியை 2024 ஆகஸ்ட் 17-இல் வல்லம் வடகாலில் முதலமைச்சர் திறந்துவைத்தார், பாக்ஸ்கான் தலைவர் யங் லியூ பக்கத்தில் நிற்க. செலவு 706.5 கோடி ரூபாய், படுக்கைகள் 18,720. சாலையில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு கான்கிரீட்டில் வந்த பதில் என்று அதைச் சொல்லலாம். அங்கே தங்கும் பெண்கள் வெளியூர்க்காரர்கள். பலருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் செய்யாற்றிலோ போளூரிலோ திண்டிவனத்திலோ இருக்கும். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. முந்தைய நாள் ஷிஃப்ட் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, ஊரில் வாக்களித்துவிட்டு, மறுநாள் திரும்பி வருவார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் தம் தொகுதிக்குப் பேருந்து நிலையமும் குடிநீர்த் தொட்டியும் கேட்பார். வல்லம் வடகால் அவருடைய தொகுதியில் இல்லை.